இருநூற்றைம்பது ரூபாய்க்கு நிற்க ஓர் இடம்

டிக்கெட் விற்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: விலையை நாம் வைப்பதில்லை. ஒரு சங்கடமும் உண்டு: விலையை வைத்தவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சினிமா தியேட்டர் ஜன்னலிலோ, பொருட்காட்சி வாசலிலோ, பஸ் ரிசர்வேஷன் கவுன்டரிலோ உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நானும் உங்களில் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கரீம் பாயின் கேசட் கடையில் கவுன்டரில் இருந்தேன். சாமி பாட்டும் சினிமா பாட்டும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் பாய்க்கு ஒரு ஆசை. மூலையில் ஒரு சின்ன அலமாரி நிறைய இங்கிலீஷ் ராக் கேசட்டுகள் வைத்திருந்தார். அந்த அலமாரியைக் கேள்விப்பட்டுத்தான், சென்னையில் நடக்கப்போகும் ஒரு பெரிய வெளிநாட்டு ராக் கச்சேரிக்கு எங்களிடம் ஒரு கட்டு டிக்கெட் கொடுத்தார்கள். ராக் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. "கிட்டார் சத்தமா கேக்கும்மா, அவ்ளோதான்" என்றார் பாய்.

நிற்பதற்கு விலை

டிக்கெட் மூன்று நிறத்தில் வந்தது. பச்சை இருநூற்றைம்பது, நீலம் அறுநூறு, தங்க நிறம் ஆயிரத்தைந்நூறு. போஸ்டரைக் கண்ணாடியில் ஒட்டிய அன்றைக்கே, பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற தேவராஜ் வந்தார். மாதம் ஒரு முருகன் கேசட் வாங்குகிறவர். போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பச்சை டிக்கெட்டுக்கு நாற்காலி எந்தப் பக்கம்மா?"

நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும் என்றேன். அப்போது நீலத்துக்கு? அதுவும் நிற்பதுதான், கொஞ்சம் கிட்டத்தில் நிற்கலாம் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. தங்க நிறத்துக்கு மட்டும்தான் நாற்காலி. தேவராஜ் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து எனக்காக வருத்தப்பட்டமாதிரி இருந்தது. முருகன் கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நின்னுக்கினு பாக்கறதுக்கு இருநூத்தம்பதா? நான் நாளெல்லாம் தறியில உக்காந்துக்கினு நெய்யறதுக்கே அவ்ளோ குடுக்க மாட்டேங்கறாங்களேம்மா!"

இரண்டாவது டிக்கெட்

வேதவல்லி சின்ன காஞ்சிபுரத்துப் பெண். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்கு வருவாள். கேசட் எதுவும் வாங்க மாட்டாள். கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் பச்சை டிக்கெட்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன், அதைக் குனிந்து பார்ப்பாள். "இன்னும் எத்தனை இருக்குக்கா?" என்பாள். முப்பது என்றால் முகம் மலரும். இருபத்திரண்டு என்றால் சுருங்கும். ஒரு வாரம் இப்படியே போனது. பொறுக்க முடியாமல், "உனக்கு ஒண்ணு எடுத்து உள்ள வெக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்க்கா. எங்காத்துல சரின்னு சொல்லாம நான் ஒண்ணைப் பிடிச்சு வெச்சுண்டா, நிஜமா போறவா ஒருத்தருக்கு இல்லாம போயிடும்" என்றாள். எனக்கு அந்த வயதில் இப்படித் தோன்றியிருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன்.

மறுநாள் அவள் வரவில்லை, அவள் அப்பா வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் கோயிலில் பிரபந்தம் சேவித்துவிட்டு அப்படியே வந்திருந்தார், நெற்றியில் திருமண் காயக்கூட இல்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று தயாராக இருந்தேன். அவர் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு ஆரம்பம்? நாலரை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? முடியும். இந்த இருநூற்றைம்பதில் பாடுகிறவனுக்கு எவ்வளவு போகும்? தெரியாது. "விக்கறவாளுக்கே தெரியாதா?" என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்து, "ரெண்டு கொடுங்கோ" என்றார். சார், உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் பழக்கமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் பணத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியப்போறதில்லைம்மா. என் பொண்ணுக்கு என்ன புரியறதுன்னு பார்க்கத்தான் ரெண்டாவது டிக்கெட்."

டீயும் போண்டாவும்

பச்சை டிக்கெட் வேகமாகக் குறைகிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டு ஒருவர் வந்தார். கூலிங் கிளாஸ், கையில் செல்போன். அன்றைக்கு எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மீதி இருப்பதை மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இருபது ரூபாய் கூடத் தருகிறேன் என்றார். கச்சேரி அன்று மைதான வாசலில் நின்று ஐந்நூறுக்கு விற்பார் என்பது சொல்லாமலே தெரிந்தது. எனக்கு அன்றைக்கே எல்லாம் விற்றுத் தீர்ந்தால் நிம்மதி என்றிருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் வேதவல்லி தினமும் குனிந்து எண்ணிய டிக்கெட்டுகள் அவை. "ஆளுக்கு ரெண்டுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு சட்டம் எங்கள் கடையில் அந்த நிமிஷம்தான் பிறந்தது.

மறுநாள் காலை கடை திறந்தபோது வாசலில் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி. எதிர் டீக்கடையில் கூலிங் கிளாஸ்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. முதல் ஆளிடம், "யாரோட கச்சேரிங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "சீர்காழியோடதா?" என்றார். அடுத்தவர், "நாதஸ்வரம்" என்றார். மூன்றாமவர் நேர்மையானவர். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீயும் போண்டாவும் வாங்கித் தர்றேன்னு சொன்னாரும்மா, பாட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே!"

அட்டை இல்லாத கேசட்

அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. அன்று முதல் டிக்கெட் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தேன். குழுவின் பெயர் என்ன, இரண்டு பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்பேன். கேள்வித்தாள் வேதவல்லி எழுதிக் கொடுத்தது. காலேஜ் பையன்கள் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வாங்கிப் போனார்கள். எனக்கு ஏதோ பெரிய நியாயத்தைக் காப்பாற்றுகிறமாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் மஸ்தான் வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு ஏறிப்போன கைகள். முப்பது வயது இருக்கும். பச்சை டிக்கெட் ஒன்று கேட்டார். பெயர் கேட்டேன், தெரியவில்லை. பாட்டுக் கேட்டேன், தெரியவில்லை. "மன்னிச்சிக்குங்க, பாட்டு தெரிஞ்சவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் படி இறங்கிப் போனார். போனவர் திரும்பி வந்தார். கவுன்டர் விளிம்பில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாயாலேயே கிட்டார் வாசிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் மெதுவாக ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, ஓர் இடத்தில் அழுகிறமாதிரி இழுத்து நிறுத்தினார். பக்கத்தில் நின்ற வேதவல்லி என் கையை அழுத்திப் பிடித்தாள். "அக்கா, ரெண்டாவது ஆல்பத்துல கடைசிப் பாட்டு. நடுவுல வர்ற கிட்டார் முழுசையும் ஒண்ணு விடாம வாசிக்கறார்!"

டிக்கெட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். பரீட்சைத் தாளை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவரோ ஒன்றும் நடக்காதமாதிரி சிரித்தார். பட்டறையில் யாரோ விட்டுப்போன கேசட்டாம், நாலு வருஷமாகச் சாயம் கொதிக்கிற நேரமெல்லாம் அதுதான் ஓடுகிறதாம். அதே பாட்டு எங்கள் கடையில் ஓடியதைத் தெருவில் கேட்டுத்தான் டிக்கெட் கேட்க வந்தாராம். டிக்கெட்டில் சாயம் படாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அட்டை இல்லாத கேசட்டு மேடம். பேரு யாரு சொல்லுவா? பாட்டு மட்டுந்தான் இருந்துச்சு, அதக் கெட்டியா புடிச்சிக்கினேன்."

காலி நாற்காலிகள்

விற்றுக் கொடுத்ததற்காகக் கடைக்கு இரண்டு தங்க நிற பாஸ் கொடுத்தார்கள். பாயும் நானும் போனோம். ஆயிரத்தைந்நூறு ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால், பாதிக்கு மேல் காலி. வந்திருந்த பாதிப் பேர் எங்களைப்போல ஓசி. கம்பெனிகளுக்குக் கொடுத்த பாஸில் வந்தவர்கள் கூல்டிரிங்க் குடித்துக்கொண்டு வீட்டுமனை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் சவுக்குக் கட்டை வேலி. அதற்குப் பின்னால் நீலம். அதற்கும் பின்னால், முகம் தெரியாத தூரத்தில் பச்சை. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் கூடவே பாடுகிற சத்தம் அந்தக் கடைசியிலிருந்துதான் வந்தது. நான் விற்ற டிக்கெட்டுகள் அங்கே இருந்தன. எனக்கு நாற்காலி குத்தியது.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்திவிட்டார். காலி நாற்காலிகளைக் கையால் காட்டி மைக்கில் ஏதோ சொன்னார். அமைப்பாளர்கள் ஓடி வந்து மேடை ஓரத்தில் பேசினார்கள். அவர் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து வேலியை அவிழ்த்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர், "நான் ஆயிரத்தஞ்ஞூறு குடுத்தது எதுக்குங்க, அப்புறம்?" என்று என்னைக் கேட்டார். நிஜமாகவே காசு கொடுத்து வாங்கியவர் அவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அவருக்குப் பதில் சொல்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மஸ்தான் நேரே ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் கவுன்டரில் வாயால் வாசித்துக் காட்டிய அந்தப் பாட்டு வந்தபோது, கண்ணை மூடி, ஸ்பீக்கர் விளிம்பில் இரண்டு விரலால் தாளம் போட்டார். வேதவல்லி என்னைக் கடந்து ஓடினாள். பின்னால் அவள் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி. என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். காலி நாற்காலிகளைப் பார்த்தார், அழுதுகொண்டே பாடுகிற மகளைப் பார்த்தார், என் காதருகே குனிந்து கத்தினார்: "ஆயிரத்தஞ்ஞூறு கொடுத்தவன் வரவே இல்லை, இருநூத்தம்பது கொடுத்தவ அழுதுண்டு நிக்கறா. எங்கேயோ கணக்கு உதைக்கறதும்மா!"

ஒரு மணி நேரப் பேரம்

அன்று அந்தப் பெரிய குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு சென்னைக் குழு வாசித்தது. சில மாதம் கழித்து அதன் டிரம்ஸ்காரர் ஸ்டீபன் எங்கள் கடைக்குள் நுழைந்தார். தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மாவோடு வந்தவர், அம்மா இன்னும் ஜவுளிக் கடையில் இருக்க, வெளியே காற்று வாங்க வந்திருந்தார். மூலை அலமாரியில் அவருடைய குழுவின் கேசட் ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து விற்காத கேசட். அதைக் கண்டு அவர் பட்ட சந்தோஷத்தில், விற்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியாரின் கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. டிக்கெட் காசில் உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பெயர் கிடைக்கும் என்று சும்மா வாசித்தார்களாம். கோபத்தோடு சொல்லவில்லை. மைதான வாடகை, பெங்களூரிலிருந்து லாரியில் வந்த ஸ்பீக்கர்கள், ஜெனரேட்டர், கேளிக்கை வரி என்று விரலை மடக்கி எனக்கு விளக்கினார். இருநூற்றைம்பதும் அமைப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகாத விலைதான், கம்பெனிகள் காசு கொடுக்கிற ஆயிரத்தைந்நூறு ரூபாய் நாற்காலிகள்தான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன என்றார். அது எனக்குப் புது விஷயம். அதுவரைக்கும் பச்சை டிக்கெட்டைத்தான் கொள்ளை என்று நினைத்திருந்தேன். "எங்க ஊர்ல காசு வாங்கிக்கினு வாசிப்பீங்களா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். பாய் ரேடியோவைச் சட்டென்று அணைத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்டீபன் தன் கேசட்டை அலமாரியில் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: "வர்றேங்க. டிக்கெட் விலை ஜாஸ்தின்னு யாராவது சொன்னா எனக்கு சுருக்குன்னு கோபம் வரும். இன்னைக்கு நானே ஒரு புடவைக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசிட்டு வந்து நிக்கிறேன்."

முன் வரிசையின் விலை

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஆகவே மண்டப வாடகை பாதி. ஸ்டீபன் குழுவின் கச்சேரியைக் கல்யாண மண்டபத்தில் வைப்பது பாயின் மூளை. விலை வைப்பது எங்கள் தலையில் விழுந்தது. இத்தனை நாள் விலை வைத்தவரைத் திட்டிய பாவம் அன்று புரிந்தது. முப்பது ரூபாய் வைத்தால் மண்டபம் இரண்டு தடவை நிரம்ப வேண்டும். நூறு வைத்தால் பாதி காலியாக இருக்கும். மஸ்தான்தான் வழி சொன்னார்: புதுப் படத்துக்கு முதல் நாள் பிளாக்கில் நம் ஊர் ஆட்கள் அறுபது வரைக்கும் கொடுக்கிறார்கள், அதற்கு மேல் கேட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அறுபது என்று முடிவு செய்தோம். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே நிறம்.

அப்போது ஒரு பெரிய பட்டுக் கடை முதலாளி சொல்லி அனுப்பினார். செலவில் மூன்றில் ஒரு பங்கு அவர் தருகிறார், முன்னால் இரண்டு வரிசை அவர் வீட்டுக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும். நான் சரி என்றேன். பயம்தான். நஷ்டம் வந்தால் கடை தாங்காது. "அப்போ இதுவும் தங்க நிறம்தானாக்கா?" என்று கேட்டுவிட்டு வேதவல்லி கவுன்டர் கண்ணாடியைத் துடைத்தாள். சொன்ன சரியை அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டேன். அதைச் சொல்லப் பாய் போய் முதலாளியைப் பார்த்தார், நானும் கூடப் போனேன். முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நான் வாசல் பக்கமே நின்றேன். பாய் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பணிவாகச் சொன்னார்: "முதலாளி, முன் வரிசைக்கு வெல மூணு மணிக்கே வந்து காத்துக்கினு நிக்கறதுதான். அத நீங்களும் குடுக்கலாம்."

மொய் மேசை

மண்டபத்து மேனேஜர் முனுசாமிக்கு ராக் கச்சேரி என்றால் விளங்கவில்லை. காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். சமையல்கட்டைத் திறக்கட்டுமா, வாழைமரம் கட்டட்டுமா, மொய் எழுத மேசை போடட்டுமா? மேசையைப் போடச் சொல்லி, அதிலேயே உட்கார்ந்து டிக்கெட் விற்றேன். இரண்டே முக்காலுக்கு முதல் ஆளாகப் பட்டுக் கடை முதலாளி, பேரப்பிள்ளைகளோடு, ஆறு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. மூன்றரைக்கு மண்டபத்தில் இருபத்தாறு பேர். ஸ்டீபன் டிரம்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது: ஆடி ஞாயிறு! ஊர் முழுக்க அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். வாடகையைப் பார்த்த எங்களில் ஒருவரும் அதை யோசிக்கவில்லை.

கச்சேரியை ஒரு மணி நேரம் தள்ளினோம். மஸ்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்குக் கச்சேரி என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். நாலே காலுக்கு மேல் வர ஆரம்பித்தார்கள். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், கூந்தலில் வேப்பிலை, கையில் கழுவிய கூழ்ச் சொம்பு. குடும்பம் குடும்பமாக. என்ன கச்சேரி என்று தெரிந்து வந்தவர் பாதி, அறுபது ரூபாய்தானே பார்ப்போம் என்று வந்தவர் பாதி. ஐந்து மணிக்கு நாற்காலி தீர்ந்தது, ஐந்தரைக்கு நிற்க இடம் தீர்ந்தது. கையைக் கடிக்கவில்லை. ஸ்டீபனுக்குச் சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்தோம். கூட்டம் கலைந்த பிறகு முனுசாமி நாற்காலிகளை மடக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த பாராட்டுகளில் அவர் சொன்னதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்: "இருவது வருசமா கல்யாணம் பாக்கறேம்மா, தாலி கட்டின உடனே அத்தினி பேரும் பந்திக்கு ஓடிடுவாங்க; இன்னைக்கு சோறே போடல, ஒரு ஆளு எழுந்து போகலியே!"

டிக்கெட் விலை ரசிகர்களுக்கு நியாயமா என்று இப்போதும் யாராவது என்னைக் கேட்டால் வாங்கினவருக்காக ஒரு பக்கமும் விற்றவருக்காக மறுபக்கமும் தலையை ஆட்டிவிடுகிறேன், நல்லவேளையாக அதைப் பார்க்க இன்னும் யாரும் டிக்கெட் போடவில்லை.